கடலை உருண்டை ஒட்டினால் பாகைப் பாருங்கள்

மகளுக்குக் கொடுத்துவிடும் கடலை உருண்டை இடைவேளைக்குள் டப்பாவில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெல்லத்தை மாற்ற வேண்டாம், பாகு முற்றவில்லை, அவ்வளவுதான். விரலில் தொட்டு இழுத்தால் கம்பிபோல நீளும் கம்பிப் பதத்தில் இறக்கியிருப்பீர்கள். அது இதற்குப் போதாது.

2 கப் வறுத்துத் தோல் நீக்கிய கடலைக்கு 1 கப் வெல்லம், கால் கப் தண்ணீர். கரைந்ததும் வடிகட்டி, மிதமான தீயில் காய்ச்சுங்கள். கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். விரலால் திரட்டினால் கெட்டி முத்தாக வரவேண்டும், எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் வரும்வரை இறக்காதீர்கள். வந்ததும் உடனே அடுப்பை அணைத்து, சுக்குத்தூள் ஒரு சிட்டிகை, கடலை சேர்த்துக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுச் சூட்டோடு பிடியுங்கள். பாதியில் இறுகினால் சட்டியை லேசாகச் சூடாக்கினால் இளகிவிடும்.

அப்புறம், நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்து மறுபடி ஒட்டும்.

ஒட்டிப்போனவற்றை வீணாக்காதீர்கள். மிக்சியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கடலையில் எண்ணெய் கசியும். அப்படியே மெத்தென்ற லட்டாகப் பிடித்துவிடலாம். என் பையனுக்கு அதுதான் அதிகம் பிடிக்கிறது.