பூநாரைக்கு எவ்வளவு சிவப்பு?

வணக்கம் சார்,

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ரோட்டில், பழவேற்காடு ஏரிப் பூநாரைகளை எடுத்து வருகிறேன். க்ராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, 150–600 மி.மீ. லென்ஸ். படம் சாம்பல் பூத்தாற்போல வருகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் இறகு வெளுத்துவிடுகிறது. வெள்ளைத் தாளில் வரைந்த ஓவியம் மாதிரி மாற்றிப் பார்த்தேன், சிவப்பையும் கொஞ்சம் ஏற்றினேன். "இது போட்டோவே இல்லை" என்கிறார்கள் நண்பர்கள். எதுவரை மாற்றலாம்?

த., தடா

அன்புள்ள த.,

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே கணக்குப் போடும். வெளுத்த தண்ணீரில் வெள்ளைப் பறவை நின்றால் படம் இருண்டுதான் வரும். மீட்டர் போட்ட கணக்கைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷனை +1 வையுங்கள். அதே பறவைக்குப் பின்னால் கருஞ்சேறு இருந்தால் கணக்கு தலைகீழ், −1 வரை குறைக்க வேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே அளவை வைப்பதால்தான் இறகு வெளுக்கிறது. சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகப் பாருங்கள். இறக்கையில் முதலில் வலது ஓரத்தில் முட்டுவது சிவப்புதான். மொத்த வரைபடம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பில் விவரம் போயிருக்கும். அப்புறம் அந்த இடம் இறகாக இருக்காது, பிளாஸ்டிக் துண்டு மாதிரி இருக்கும். எந்த மென்பொருளும் அதை மீட்காது.

உங்கள் ரோடு ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. பூநாரை வரும் குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். ஆகவே வடபுறப் பறவைகளுக்கு நேர்வெளிச்சம், தென்புறத்துக்கு எதிர்வெளிச்சம். நிறமும் இறகு விவரமும் வேண்டுமென்றால் வடபுறம். உங்கள் ஓவியப் படத்துக்கோ தென்புறம்தான் சரி. அங்கே நம்மைப் பார்த்த பக்கம் நிழலில் இருக்கும், தண்ணீர் பளிச்சென்று இருக்கும். +1.5, +2 என்று ஏற்றினால் தண்ணீர் கேமராவிலேயே வெள்ளையாகிவிடும், உடலில் விவரம் நிற்கும். பறவையை வெட்டியெடுக்கும் வேலையே இல்லை.

வெயில் ஏறினால் மூட்டையைக் கட்டுங்கள். ஆழமில்லாத தண்ணீர் மேலும் சேற்றின் மேலும் காற்று அலைபாயும்போது 600-ல் எடுத்த படம் ஃபோகஸ் தப்பியதுபோலவே இருக்கும். ஷட்டரைக் கூட்டியோ லென்ஸை மாற்றியோ பயனில்லை. பறவை பக்கத்தில் இருந்தால்தான் தப்பிக்கலாம்.

இனி எடிட்டிங். ராவை, நிறப்படிகள் அதிகமுள்ள 16 பிட்டில் திறங்கள். 8 பிட்டில் தண்ணீர் வெள்ளையில் கரையும் இடம் வரிவரியாக உடையும். கையால் செய்த காகிதம் ஒன்றை நேராகப் படமெடுத்து, பறவைப் படத்தின் மேல் லேயராக (அடுக்காக) வைத்து மல்டிப்ளை மோடு கொடுங்கள். அது இரண்டு லேயரின் மதிப்பையும் பெருக்குகிறது. வெள்ளை என்பது 1. ஆகவே வெள்ளை இருக்குமிடத்தில் காகிதம் அப்படியே தெரியும், நிழலில் கருத்த கால் கருப்பாகவே நிற்கும். சிக்கல் உடலில்தான்: காகிதத்தின் மஞ்சள் வெள்ளை இறகிலும் ஏறும். காகித லேயருக்கு மாஸ்க் (மறைப்பு) போட்டு, மென்மையான பிரஷ்ஷால் உடல்மேல் மட்டும் பாதியளவு குறையுங்கள். கால் பக்கம் போகவே வேண்டாம். அந்த மெல்லிய குச்சியைச் சுற்றி ஒளிவட்டம் விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். விளிம்புகளைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டியை இழுத்தாலும் இதே வட்டம் வரும். கடைசியில் போனுக்கும் இணையத்துக்கும் பொதுவான நிறமுறையான எஸ்ஆர்ஜிபி-யில் சேமியுங்கள், இல்லாவிட்டால் போனில் நிறம் செத்துத் தெரியும்.

நண்பர்கள் சொல்வதற்கு வருகிறேன். காகிதம் சேர்த்ததை ஒளிக்காமல் படத்தின் கீழே எழுதிவிட்டால் அதில் தப்பொன்றும் இல்லை. எனக்கு உறுத்துவது அந்தச் சிவப்பு. பூநாரையில் நிறம் அலங்காரமல்ல, அடையாளம். பெரும் பூநாரைக்கு உடல் பெரும்பாலும் வெள்ளை, அலகு வெளிர்சிவப்பு, நுனி மட்டும் கருப்பு. சிறு பூநாரை உடலிலேயே ரோஜா நிறம் கூடியது, அலகு கருஞ்சிவப்பு. இளம்பறவை சாம்பல் கலந்த பழுப்பு. உணவிலிருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமி சேரச் சேரத்தான் சிவக்கும். நிறச் செறிவை, அதாவது சாச்சுரேஷனை ஏற்றினால் இனமும் வயதும் குழம்பிப்போகும். அந்தப் படத்தைப் பறவைக் கணக்கெடுப்புப் பதிவில் ஏற்றவே கூடாது. அதற்கு நிறம் தொடாத பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

காரை ஓரம்கட்டி என்ஜினை அணைத்து, கண்ணாடி விளிம்பில் இரண்டு கிலோ அரிசிப்பை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்து எடுங்கள். சேற்றில் இறங்கி நடக்காதீர்கள். பூநாரை தண்ணீரில் ஓடித்தான் மேலெழ வேண்டும்; பறக்கும் படத்துக்காக விரட்டினால் மேய்ச்சலும் போகும், தெம்பும் போகும். தானாகப் பறக்கையில் 1/2000 நொடி ஷட்டர் போதும்.