கோட்டையும் கயிறும்

அன்புள்ள அக்கா,

நான் ஜெர்மனியில், மான்ஹைமில் வேலை பார்க்கிறேன். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நெக்கார் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஆகஸ்டில் ஒரு சனி ஞாயிறு சைக்கிளில் கிளம்பினேன். ஹைடல்பெர்க்கிலிருந்து பாட் விம்ப்ஃபன் வரை. மொத்தம் 11 கோட்டைகள். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். பாதி இடிந்து கிடக்கின்றன, சில பூட்டியிருக்கின்றன. மார்கரெத்தன் மலையிடுக்கில் தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. சைக்கிள் பாதை முழுக்கத் தட்டை, போரடிக்கிறது. ஞாயிறு இரவு அறைக்குத் திரும்பியபோது கிளம்பும்போது இருந்ததைவிட வெறுமையாக இருந்தது. அடுத்து ரைன் ஆற்றுப் பக்கம் போகலாமா, மோசெல் ஆற்றுப் பக்கம் போகலாமா? எங்கே நல்ல கோட்டைகள் இருக்கின்றன? இ-பைக் எடுப்பது நல்லதா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

வழக்கமாக இந்த மாதிரிக் கடிதங்களுக்கு இரண்டு வரியில் தனியாகப் பதில் போட்டுவிடுவேன். உங்கள் கடிதத்தில் "பாதை முழுக்கத் தட்டை, போரடிக்கிறது" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இரண்டு வாரமாக அந்தப் பாதையைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், பழைய நோட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் நீங்கள் வந்து அதைத் தட்டை என்கிறீர்கள்.

இ-பைக் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் சொல்ல எதுவும் இல்லை. பூட்டியிருந்த கோட்டைகள் என்று நீங்கள் சொல்வது நெக்கார்ஷ்டைனாக் என்ற ஊரில்தான் இருக்கும். அங்கே வரிசையாக நிற்கும் நான்கில் முன்கோட்டையிலும் நடுக்கோட்டையிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அது அவர்கள் வீடு. வீட்டுக் கதவு பூட்டித்தான் இருக்கும். மற்ற இரண்டும் இடிபாடுகள், அவற்றுக்குள் தாராளமாகப் போகலாம்.

இடிந்து கிடக்கிறது என்ற குறைக்கு வருகிறேன். ஹைடல்பெர்க் கோட்டையை 1689லும் 1693லும் பிரெஞ்சுப் படைகள் தகர்த்தன. 1764ல் இடி விழுந்து மிச்சமும் எரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அதை முழுசாகத் திரும்பக் கட்டிவிடலாம் என்று பெரிய பேச்சு நடந்தது, ஒரு மாளிகையைப் புதுப்பித்தும் விட்டார்கள். 1901ல் கேயோர்க் டேஹியோ என்ற கலை வரலாற்று அறிஞர், இருப்பதைக் காப்பாற்றுங்கள், இல்லாததைப் புதிதாகச் செய்து வைக்காதீர்கள் என்று சண்டை போட்டார். அந்தப் பக்கம் ஜெயித்தது. அதனால் நீங்கள் பார்த்தது கவனிப்பாரில்லாமல் விட்ட இடிபாடு இல்லை. யோசித்து, வாதாடி, அப்படியே வைத்திருக்கிறார்கள். மேலே போய்விட்டு வந்தவர் இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் "பாதி இடிந்து கிடக்கிறது" என்று எழுதினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

சரி, பாதைக்கு வருகிறேன்.

அது ஏன் தட்டையாக இருக்கிறது என்று அந்த இரண்டு நாளில் ஒருமுறையாவது கேட்டுக்கொண்டீர்களா? இரண்டு பக்கமும் மலை. சிவப்பு மணற்கல் செங்குத்தாக எழும்பி நிற்கிறது. அதன் காலடியில் தண்ணீரை ஒட்டி, ஏற்றமே தெரியாமல் ஒரு பாதை ஓடுகிறது. சைக்கிள்காரர்களுக்காகப் போட்டதென்று நினைத்துவிட்டீர்கள். பல இடங்களில் அது பழைய இழுவைப் பாதை. அணைகள் வருவதற்கு முன்னால் நெக்கார் ஆழமில்லாத, வேகமான ஆறு. மரக்கட்டைத் தெப்பங்களும் படகுகளும் கீழ்நோக்கிச் சுலபமாகப் போய்விடும். மான்ஹைமிலிருந்து ஹைல்பிரோன் வரை எதிர்நீரில் மேலே வர வேண்டுமே, அதற்குக் குதிரைகள். படகில் கட்டிய நீளக் கயிற்றைக் கரையில் குதிரைகள் இழுத்துக்கொண்டு போகும். குதிரை மேட்டில் ஏறி இறங்கினால் இழுப்பு கெடும், படகு பின்னால் போகும். அதனால்தான் தண்ணீரை விட்டு விலகாமல், மட்டமாக, அந்தப் பாதை. நீங்கள் கால் வலிக்காமல் 80 கிலோமீட்டர் மிதித்தீர்கள் என்றால் அந்தக் குதிரைகளுக்காகச் சமன் செய்த கரையில்தான் பெரும்பாலும் மிதித்திருக்கிறீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2008 இலையுதிர் காலத்தில் ஏபர்பாக் என்ற ஆற்றோர ஊரில் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்காரப் பாட்டிக்கு அப்போது 82 வயது. என் ஜெர்மன் அரைகுறை, அவர் பேசுவதோ அந்த ஊர் வழக்கு. ஆனாலும் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்குக் கதவைத் தட்டி, நடக்க வருகிறாயா என்பார். ஆற்றோரமாகவே போவோம், கைத்தடியால் காட்டிக்கொண்டே வருவார். இந்த வளைவில் நீர் வேகம், கூடுதல் குதிரை வேண்டும். இந்த இடத்தில் கயிறு புதரில் மாட்டும். இங்கேதான் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுவது. அவருடைய தாத்தா சின்ன வயதில் இழுவைக் குதிரை ஓட்டியவராம். குதிரைமேல் ஒரு பக்கமாகத்தான் உட்காருவாராம், இடுப்பில் கைக்கோடரி. வெள்ளம் படகை இழுத்துக்கொண்டு போனால் கயிறு குதிரையையும் சேர்த்து ஆற்றுக்குள் இழுத்துவிடும். அந்த நொடியில் கயிற்றை வெட்ட வேண்டும், இல்லையென்றால் குதிரையை விட்டுவிட்டுக் குதிக்க வேண்டும். தாத்தா ஒரே ஒருமுறை குதித்தாராம். அந்தக் குதிரையின் பெயரைப் பாட்டி சொன்னார். நோட்டில் தேடித் தேடிப் பார்க்கிறேன், எழுதி வைக்காமல் விட்டிருக்கிறேன். இரண்டு வாரமாக என்னை அரிப்பது அதுதான்.

ஊருக்கு மேலே மலையில் ஏபர்பாக் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. ஒரு மாதத்தில் பாட்டி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒருநாள் நானே கேட்டேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதுவா, அங்கே எங்கள் ஆட்கள் யாரும் இருந்ததில்லையே" என்றார். பெருமையோ குறையோ அந்தக் குரலில் இல்லை. அப்புறம் திரும்பக் குதிரைக் கதைக்கே போய்விட்டார்.

1878ல் குதிரைகளின் காலம் முடிந்தது. ரயில் வரப்போகிறது, சரக்கெல்லாம் அதற்குப் போய்விடும் என்ற பயத்தில் ஆற்றின் அடியில் மான்ஹைமிலிருந்து ஹைல்பிரோன் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஒரே இரும்புச் சங்கிலியைப் போட்டார்கள். நீராவிப் படகு அந்தச் சங்கிலியை முன்பக்கம் தூக்கி, உருளையில் சுற்றி, பின்பக்கம் விட்டுவிட்டுத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலே போகும், பின்னால் சரக்குப் படகுகள் வரிசையாக வரும். அதன் ஊதல் கழுதை கத்துவது போல இருக்கும் என்பதால் நெக்கார் கழுதை என்று பெயர். 1935ல் ஹைல்பிரோன் வரை அணைகள் கட்டி முடித்ததும் அதுவும் போயிற்று. பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஊதலை எனக்குச் செய்து காட்டினார், ஆற்றங்கரையில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து. தூரத்தில் நாயோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் பார்த்த அசையாத நீர் அந்த அணைகளால்தான். இன்று மான்ஹைமிலிருந்து ப்ளோகிங்கன் வரை 27 இடங்களில் ஆற்றைத் தடுத்து, கப்பலை மட்டம் மாற்றித் தூக்கிவிடுகிறார்கள். ஒரு இடத்தில் அரைமணி நேரம் நின்று, நிலக்கரியோ மணலோ ஏற்றிய படகு ஒன்று மேலே எழும்புவதைப் பார்த்திருக்கலாமே தம்பி. அதற்கு டிக்கெட் கிடையாது, பூட்டும் கிடையாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நெக்கார்கெம்யுண்ட் பக்கத்தில் மௌவர் என்று சின்ன ஊர். நெக்கார் ஒரு காலத்தில் அந்த வழியாகப் பெரிய வளைவு போட்டு ஓடி, பிறகு அதை விட்டு விலகிவிட்டது. அந்த வளைவில் தங்கிய மணலை அள்ளிக்கொண்டிருந்தபோது 1907 அக்டோபர் 21 அன்று டேனியல் ஹார்ட்மன் என்ற மணல் தொழிலாளியின் மண்வாரியில் ஒரு தாடை எலும்பு சிக்கியது. ஆறு லட்சம் வருடப் பழைய மனிதத் தாடை. ஹைடல்பெர்க் மனிதன் என்று உலகம் முழுக்கப் பாடம் நடத்துகிறார்களே, அது. பெயர் வைத்தது ஓட்டோ ஷோட்டன்ஸாக் என்ற அறிஞர். அவரும் சும்மா இருந்தவர் இல்லை, எலும்பு கிடைத்தால் சொல்லுங்கள் என்று சுமார் இருபது வருடம் அந்தக் குழிக்கு வந்து போனவர். ஆனால் கண்ணில் பட்டது தினமும் அங்கே நின்று அள்ளியவருக்கு. உங்கள் வழியிலிருந்து கொஞ்சம்தான் விலகல். 11 கோட்டைகளுக்கு நடுவில் இதற்கு நேரமில்லாமல் போயிருக்கிறது.

ஞாயிறு இரவு பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் தாண்டிப் போகவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முழுக் கடிதத்திலும் ஒரு மனிதர் இல்லை. ரொட்டிக் கடையில் காபி கொடுத்த பெண்ணோ, பஞ்சர் ஒட்ட உதவியவரோ, ரயிலில் சைக்கிளை ஏற்றிவிட்டவரோ யாருமே இல்லை. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு வந்தால் எந்தக் கோட்டையும் அதைச் சரிசெய்யாது செந்தில். ஏபர்பாக்கில் முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் போயிற்று, சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டி, தெருவில் ஆள் இல்லாமல். மொழி வரவில்லை என்று சொல்லாதீர்கள். ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது, வரவேண்டும். வகுப்பில் சேருங்கள்.

ரைன், மோசெல் என்று கேட்டிருந்தீர்கள். ரைனில் இரண்டு கரையிலும் ரயில் சத்தம், அதனால் மோசெல் போங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஹாஸ்மர்ஸ்ஹைம் போய் இரண்டு ராத்திரி தங்குங்கள். தலைமுறை தலைமுறையாகப் படகுக்காரர்களின் ஊர் அது. கோட்டை வேண்டுமென்றால் பக்கத்திலேயே குட்டன்பெர்க் இருக்கிறது, ஒருபோதும் இடிபடாதது, பருந்துகளும் பறக்கவிடுகிறார்கள். ஊரில் வயதானவர் யாராவது ஆற்றைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போய் உட்காருங்கள்.

மலையிடுக்கில் தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது என்றீர்களே, ஆகஸ்டில் வேறெப்படி விழும்? அது சின்ன ஓடை. நெக்கார் வேகமாகக் கீழே அறுத்துக்கொண்டு போய்விட்டது, ஓடையால் அந்த வேகத்துக்கு அறுக்க முடியவில்லை. அதனால்தான் கெட்டியான மணற்கல் அடுக்குகளில் படிப்படியாக, மொத்தம் நூறு மீட்டர் அளவுக்கு விழுகிறது. மார்ச்சிலோ ஏப்ரலிலோ, இரண்டு நாள் மழை பெய்து முடிந்த மறுநாள் போங்கள். கிளம்பும் முன் வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள், பாறை விழுந்தால் மூடிவிடுவார்கள். சைக்கிளை நெக்கார்கெராக் ரயில் நிலையத்திலேயே பூட்டி வைத்துவிடுங்கள். செருப்போடு ஏறாதீர்கள், கல் வழுக்கும்.

அன்புடன்,
அக்கா