மன்னிப்புக்கு முன்னால்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பள்ளிக்கு மாதம் ஒருமுறை 'சமூக, உணர்வுசார் கற்றல்' என்று, உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் சொல்லித்தர, வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருகிறார். கண்ணை மூடச் சொல்கிறார், கைதட்டச் சொல்கிறார், போய்விடுகிறார். போவது என் பாடவேளை. சென்ற வாரம் ஒரு பையன் பக்கத்திலிருப்பவனின் நோட்டைக் கிழித்துவிட்டான். மன்னிப்புக் கேட்க வைத்தேன். மறுநாளே மறுபடி அடிதடி. பழைய நீதிபோதனை வகுப்பே போதாதா?

ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் எரிச்சல் நியாயமானது. இத்தகைய 213 திட்டங்களை, ஏறத்தாழ 2,70,000 மாணவர்களை, ஒருசேர எடுத்து ஆராய்ந்த முடிவுகள் 2011இல் வெளிவந்தன. பிள்ளைகளின் நடத்தையும் படிப்பும் மேம்பட்டிருந்தன. ஆனால் படிப்பில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது, பள்ளி ஆசிரியர்களே நடத்திய இடங்களில் மட்டும்தான். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் தொடங்கிய மகிழ்ச்சி வகுப்பும் அப்படித்தான் இருந்தது: ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை தினமும் ஒரு பாடவேளை, தேர்வு இல்லை, நடத்தியவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர். மாதம் ஒருமுறை வருபவருக்கு உங்கள் பையனின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

நீதிபோதனை போதாது என்றே நினைக்கிறேன். 'கோபப்படாதே' என்பதோடு அது நின்றுவிடும். வந்துவிட்ட கோபத்தை என்ன செய்வது?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவன் ஏன் கிழித்தான் என்பது அதில் இல்லை.

ஆறாம் வகுப்பில் என் கால்சட்டையின் பின்பக்கம் வேறு நிறத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. பின்பெஞ்சுப் பையன் அதைப் 'போஸ்டர்' என்றான். நான் அவனுடைய மைப்பேனாவின் நிப்பைத் தரையில் குத்தி வளைத்தேன். உள்ளங்கையில் நான்கு அடி, பிறகு மன்னிப்பு. என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் 'கோபம் வந்தது சார்' என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு சொல் தெரியாது. தொல்காப்பியர் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறார்: இளிவு, இழவு (இழப்பு), அசைவு (முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது), வறுமை. பிறர் நம்மை இழிவாக நடத்துவது முதலில் நிற்கிறது. அன்று எனக்கு வந்தது அழுகை; பேனாவைக் குத்திய கைதான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

அந்தச் சொல்லைத் தேட உதவுவதுதான் இந்தக் கல்வியில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குத் தனி வகுப்புகூட வேண்டாம். இடைவேளையில் அவனைத் தனியாக அழைத்துக் கேளுங்கள்; உடனே பதில் வராது, காத்திருங்கள். நோட்டுக்காரனையும் தனியாகக் கேளுங்கள், அவனுக்கும் இழப்பு உண்டு. பிறகு கிழிந்த பக்கங்களின் கணக்குகளைக் கிழித்தவனே தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும். மன்னிப்பு அதன் பிறகு வரட்டும், வராவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம்.

அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.