வறட்டு இருமலுக்கு எந்த நாட்டு மருந்து?

ராத்திரி ஏர்கான் போட்டதும் தொண்டை காய்ந்து இருமல் வருகிறது, நாட்டு மருந்தில் எது கேட்கும் என்கிறீர்கள். முதலில் அதிமதுரம். சிங்கப்பூர் தேக்கா பக்கம் கடைகளில் குச்சியாகவே கிடைக்கும், சின்னத் துண்டை வாயில் ஒதுக்கி மெல்ல மென்று சாற்றை விழுங்கினால் அந்த இனிப்பு தொண்டையில் படர்ந்து நமைச்சல் கொஞ்சம் அடங்கும். ஆனால் பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம், அதிலுள்ள கிளைசிரைசின் என்ற பொருள் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். அவர்களுக்குப் படுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் தேன் போதும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.

அப்புறம், பிரஷருக்கு எனலாப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அந்த வகையே சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், நீங்களாக நிறுத்தாமல் பாலிகிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். இருமல் 3 வாரம் தாண்டினாலும் அங்கேதான் போக வேண்டும்.