வடக்கே ஃபூட்டி: யார் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள்? (கேள்வி பதில்)

ரக்பி லீக் ஆளும் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில் ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து லீக்; அந்த ஆட்டத்தைத்தான் ஃபூட்டி என்கிறோம்) அணிகளுக்குச் சேரும் கூட்டத்தைப் பற்றி வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் பலர் சிட்னித் தமிழர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி (மெல்போர்ன்): எம்சிஜியில் (மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம்) லட்சம் பேர் கூடுகிறார்கள். சிட்னியில் நாற்பதாயிரம் வந்தாலே கொண்டாடுகிறார்கள். சிட்னி ஸ்வான்ஸ் அணி வேரூன்றவில்லை என்றுதானே பொருள்?

இல்லை. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் மொத்தமே சுமார் 48 ஆயிரம் பேர்தான் உட்கார முடியும். அதில் நாற்பதாயிரம் என்றால் கிட்டத்தட்ட நிறைந்த அரங்கம். அப்புறம், 18 அணிகளில் 9 அணிகள் மெல்போர்ன் நகரத்திலேயே இருக்கின்றன. அங்கே காலிங்வுட், கார்ல்டன் என்ற இரண்டு உள்ளூர் அணிகள் மோதினால் இரண்டு பக்கத்து ரசிகர்களும் டிராம் பிடித்து வந்துவிடுவார்கள். சிட்னியில் எதிரணிக்காரர்கள் விமானத்தில் வர வேண்டும், அல்லது தெற்கிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களாக இருக்க வேண்டும்.

கூட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். அரங்கம் எவ்வளவு கொள்ளும், எதிரே ஆடியது யார், அந்த ஆண்டு அணி ஜெயித்துக்கொண்டிருந்ததா என்று சேர்த்துக் கேளுங்கள். 2003இல் சிட்னியின் ஸ்டேடியம் ஆஸ்திரேலியாவில் ஸ்வான்ஸ் ஆட்டம் ஒன்றுக்கு 72,393 பேர் வந்தார்கள். எதிரணி காலிங்வுட். மெல்போர்னுக்கு வெளியேயும் பெருங்கூட்டத்தை இழுக்கும் அணி அது.

கேள்வி (டூங்காபி): ஸ்வான்ஸ் மெல்போர்னிலிருந்து வந்த அணி என்கிறார்கள். சிட்னிக்காரர்கள் எப்படி அதைத் தங்களுடையதாக ஏற்றார்கள்?

மிக மெதுவாக. கடனில் தத்தளித்த சவுத் மெல்போர்ன் அணி 1982இல் சிட்னிக்கு வந்தது. பழைய ரசிகர்களுக்கு ஆத்திரம், புதிய ஊருக்கு ஆர்வமில்லை. 1985இல் ஜெஃப்ரி எடெல்ஸ்டன் பெயரில் தனியார் கைக்குப் போனது. விளம்பர வெளிச்சம், நட்சத்திர வீரர் வாரிக் கேப்பரின் இறுக்கமான கால்சட்டை, 1986, 87இல் இறுதிச் சுற்றுகள் என்று கூட்டமும் வந்தது. பணம் வற்றி, தோல்விகள் தொடங்கியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. 1992, 93இல் தொடர்ந்து 26 தோல்விகள். பத்தாயிரம் பேர்கூட வராத ஆட்டங்கள் இருந்தன. அணியை இழுத்து மூடலாமா என்ற பேச்சே எழுந்தது.

1995இல் செயின்ட் கில்டாவிலிருந்து டோனி லாக்கெட் வந்தார். அதே ஆண்டு வாகா வாகாவில் பிறந்த கேப்டன் பால் கெல்லி, லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றார். 1996 அரையிறுதியில் எஸ்ஸெண்டனுக்கு எதிராக, சைரன் ஒலித்த பிறகு லாக்கெட் உதைத்த ஒரே ஒரு புள்ளி அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனது. அங்கே தோற்றார்கள். ஆனாலும் ஊர் அன்றுதான் திரும்பிப் பார்த்தது. 2005இல் வெஸ்ட் கோஸ்ட்டை 4 புள்ளிகளில் வென்றபோது 72 ஆண்டு வறட்சி தீர்ந்தது.

நட்சத்திர வீரர் ஒருவர் மக்களை ஒருமுறை வரவழைப்பார். வெற்றி மறுமுறை வரவழைக்கும். ஆனால் அணி தோற்கும்போதும் வருகிறவர்கள் உருவாக உள்ளூர்ப் பிள்ளைகள் அந்தச் சட்டையைப் போட்டு ஆட வேண்டும். ஐசக் ஹீனி நியூகாசில் பக்கத்துப் பையன், எரோல் குல்டன் சிட்னிப் பையன். இருவரும் ஸ்வான்ஸ் நடத்தும் இளைஞர் பயிற்சி அகாடமியில் வளர்ந்தவர்கள். இந்த அகாடமிகளை மூடச் சொல்லும் மெல்போர்ன் அணிகளின் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி (பிளாக்டவுன்): பராசி கோடு என்றால் என்ன?

ஃபூட்டி நாட்டையும் ரக்பி நாட்டையும் பிரிக்கும் கற்பனைக் கோடு. 1978இல் வரலாற்றாசிரியர் இயன் டர்னர் ஓர் உரையில் பயன்படுத்திய சொல். மெல்போர்ன் ஜாம்பவான் ரான் பராசியின் பெயர் அதற்கு. அதே பராசி 1993இல் ஸ்வான்ஸுக்குப் பயிற்சியாளராக வந்தார்.

கேள்வி (மெல்போர்ன், வேறொருவர்): இங்கே லட்சம் பேர், அங்கே ஏன் இல்லை?

முதல் பதில்.

கேள்வி (பிரிஸ்பேன்): லயன்ஸ் ஆட்டத்துக்கு இப்போது டிக்கெட் கிடைப்பதே பாடாக இருக்கிறது. எப்போதும் இப்படித்தானா?

இல்லவே இல்லை. 1987இல் பிரிஸ்பேன் பேர்ஸ் என்று பெயர் வைத்துவிட்டு, ஆடியது கோல்ட் கோஸ்ட்டின் கராராவில். பெயர் ஓர் ஊர், மைதானம் இன்னோர் ஊர் என்றால் யார் சொந்தம் கொண்டாடுவார்கள்? 1993இல் முழுமையாக பிரிஸ்பேனின் கப்பா மைதானத்துக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1996 முடிவில் மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் அணியுடன் இணைந்து லயன்ஸ் ஆனது. அதனால் மெல்போர்னிலும் ஒரு ரசிகர் கூட்டம் கிடைத்தது. 2001, 2002, 2003 என மூன்று கோப்பைகள். அப்புறம் சரிவு. 2017இல் கடைசி இடம், கப்பாவில் வெற்று இருக்கைகள். 2024, 2025 கோப்பைகளுக்குப் பிறகு நீங்கள் பார்க்கும் நெரிசல். அரங்கம் சுமார் 37 ஆயிரம் பேருக்குத்தான்.

இன்னொன்று. 2024 இறுதிப் போட்டியில் ஆடிய பிரிஸ்பேன், சிட்னி இரண்டும் வடக்கத்திய அணிகள். எம்சிஜிக்கு வந்தவர்கள் 100,013 பேர்.

கேள்வி (பெண்டில் ஹில்): ரக்பி லீக் பெரிதா, ஃபூட்டி பெரிதா?

நாடு முழுக்கச் சராசரிக் கூட்டத்தில் ஏஎஃப்எல் முன்னே. சிட்னி, பிரிஸ்பேன் வீடுகளின் டிவியில் ரக்பி லீக் முன்னே.

கேள்வி (மெல்போர்ன், மூன்றாமவர்): ஜயண்ட்ஸ் வீண் செலவு. யாரும் வருவதில்லை. கான்பெராவுக்கு மாற்றிவிடலாமே?

2012இல் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஜயண்ட்ஸ் வந்ததால் அணிகள் 18 ஆகி, வாரத்துக்கு 9 ஆட்டங்கள் ஆயின. 2012 முதல் 2016 வரையிலான ஒளிபரப்பு ஒப்பந்தம் 125 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பணம் உங்கள் மெல்போர்ன் அணிகளுக்கும்தான் போனது. மேற்கு சிட்னியில் 20 லட்சத்துக்கும் மேலான மக்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுத் தேசிய லீக் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

குறுக்கே (கான்பெரா): ஜயண்ட்ஸ் இங்கே ஆட வரும்போது மனுக்கா ஓவலை நாங்கள் நிரப்புகிறோம். சிட்னி ஹோம்புஷில் உள்ள அவர்கள் மைதானத்தில் பாதி இருக்கை காலி. யாருக்கு அணி வேண்டும்?

உங்கள் ஆதங்கம் நியாயம். கான்பெரா ஒரு காலத்தில் ஃபூட்டி ஊர். 1982இல் ரெய்டர்ஸ் வந்து ரக்பி லீக் இடம் பிடித்தபோது நமது லீக் கைகட்டி நின்றது. உங்களுக்குத் தனி அணி வர வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் மனுக்கா 15 ஆயிரம் பேர் அளவில் நிரம்பும் மைதானம். ஆண்டுக்குச் சில ஆட்டங்கள் வந்தால் நிரப்புவது எளிது.

குறுக்கே (வெண்ட்வொர்த்வில்): இங்கே எங்கள் பிள்ளைகள் கிரிக்கெட்தான் ஆடுகிறார்கள். ஜயண்ட்ஸ் பக்கம் யாரும் போவதில்லை.

கோடையில் கிரிக்கெட் ஆடும் அதே ஓவலில்தான் குளிர்காலத்தில் ஃபூட்டி ஆடுகிறார்கள். பந்தைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதில் பாதி வந்துவிடும். பெற்றோர் ஒருமுறை கூட்டிப்போக வேண்டும்.

குறுக்கே (மெல்போர்ன், அதே நபர்): நல்ல அணி இருந்தும் கூட்டமில்லையே. அதற்கு என்ன பதில்?

இது நேர்மையான கேள்வி. 2016ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்வான்ஸுடன் மோதிய இறுதிச் சுற்று ஆட்டத்துக்கு ஸ்டேடியம் ஆஸ்திரேலியாவில் 60 ஆயிரத்துக்கும் மேல் வந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, கூப்பிடு தூரத்தில் உள்ள தங்கள் சொந்த மைதானத்தில் வெஸ்டர்ன் புல்டாக்ஸை ஜயண்ட்ஸ் சந்தித்தார்கள். அந்தச் சின்ன அரங்கத்தில் பெரும்பகுதியை மெல்போர்னிலிருந்து வந்த புல்டாக்ஸ் ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். சொந்த மண்ணில் 6 புள்ளிகளில் தோல்வி. 2019இல் இறுதிப் போட்டிவரை போய் ரிச்மண்டிடம் 89 புள்ளிகளில் தோற்றார்கள்.

தொடக்கத்திலிருந்தே நல்ல வீரர்களைக் குவித்துக் கொடுத்ததால் வெற்றி சீக்கிரம் வந்துவிட்டது. அந்த வெற்றியில் பங்கு கேட்க ஒரு தலைமுறை இன்னும் தயாராகவில்லை. ஸ்வான்ஸ் வேரூன்றிய காலத்தில் அதற்கு நகரத்தில் ஏஎஃப்எல் போட்டியாளர் கிடையாது. ஜயண்ட்ஸுக்கு ஸ்வான்ஸே போட்டியாளர். கான்பெராவுடன் மைதானத்தைப் பகிர்வதால் மேற்கு சிட்னிக்காரர்களுக்கு ஆட்டங்களும் குறைகின்றன. மாற்றச் சொல்பவர்கள் ஒன்றை யோசியுங்கள்: 1993இல் இதே பேச்சைக் கேட்டிருந்தால் இன்று ஸ்வான்ஸ் இல்லை.

இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி (ஹோம்புஷ்): சன்ஸ்?

கோல்ட் கோஸ்ட் சன்ஸ் அணி 2011இல் வந்து, 2025இல்தான் முதல்முறை இறுதிச் சுற்று. ஃப்ரீமேண்டலை பெர்த்திலேயே ஒரு புள்ளியில் வென்றார்கள். இனி இரண்டு மோசமான ஆண்டுகள் வரும்போது கராராவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். அதுதான் சோதனை.

கேள்வி (சிங்கப்பூர்): சீனாவில் ஆடினார்களே?

2017இல் ஷாங்காயில் போர்ட் அடிலெய்ட், சன்ஸ் அணிகள் ஆடின. வந்தவர்கள் சுமார் 10 ஆயிரம். ஆஸ்திரேலியாவிலிருந்து பறந்து வந்தவர்கள் அதில் ஏராளம். அதை உள்ளூர் ஆதரவு என்று எண்ணாதீர்கள்.

கேள்வி (ஹோபார்ட்): டாஸ்மேனியா அணிக்கு ஆதரவு கிடைக்குமா?

டாஸ்மேனியா பழைய ஃபூட்டி மண். இந்தத் தலைப்பில் வராது.

கேள்வி (மெல்போர்ன், நான்காமவர்): எம்சிஜியில் லட்சம் பேர்...

முதல் பதிலைப் படியுங்கள், தயவுசெய்து.

கேள்வி (டூங்காபி): பிள்ளைகளோடு முதல்முறை போக எந்த ஆட்டம் நல்லது?

ஜயண்ட்ஸ் ஆட்டம். ஒலிம்பிக் பார்க் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். அரங்கம் சிறியது, வீரர்கள் பக்கத்தில் தெரிவார்கள். பகல் ஆட்டமாகப் பார்த்துப் போங்கள். ஜூலை என்றால் ஸ்வெட்டர் அவசியம்.