பன்ராட்டிக் கோட்டை: 1425-ஆ, 1954-ஆ?

அயர்லாந்தின் பன்ராட்டிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, அது 1425-ஐச் சேர்ந்ததா 1954-ஐச் சேர்ந்ததா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். நீங்கள் பார்த்த கற்கோபுரம் மக்நமாரா என்ற அயர்லாந்துக் குடும்பத்தார் 1425 வாக்கில் கட்டியது. 1954-இல் கோர்ட் (Gort) என்ற பிரபு பாழடைந்து கிடந்த அதை வாங்கினார், அதற்கப்புறம்தான் புதுப்பித்தார்கள். வழிகாட்டி உங்களிடம் சொன்ன, தாமஸ் டி கிளேர் என்ற நார்மன் பிரபு கட்டிய கோட்டை இதே இடத்தில் அல்லது மிக அருகில் முன்பு இருந்தது. 1318-இல் அது அழிந்தது.

"பழசு மாதிரியே தெரியவில்லை" என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் பெரும்பாலும் பெரிய மண்டபத்தின் கூரையாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது இடிந்து விழுந்துவிட்டது. இப்போது தலைக்கு மேல் இருப்பது புதிதாகப் போட்ட மரக்கூரை. மேசை, நாற்காலி, திரைச்சீலையும் அந்தக் கோட்டையின் சொத்து இல்லை. கோர்ட் வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த பழம்பொருட்கள்.

மறுபடி போனால் கூரையை விடுங்கள், சன்னல் குழிக்குள் போய் நில்லுங்கள். சுவரின் கனம் எவ்வளவு என்று அங்கேதான் புரியும். பழசு அதுதான்.

ஒன்று மட்டும்: சுழல் படிக்கட்டு வலப்பக்கமாகச் சுற்றுவது மேலே நின்று காக்கும் வாள்வீரனின் வலக்கைக்கு வசதியாக என்ற கதையை அப்படியே நம்ப வேண்டாம், ஆய்வாளர்களே அதில் ஒத்துப்போவதில்லை. படிகளோ குறுகல், உயரமும் ஒரே சீராக இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கோட்டைக்குள் இரவு விருந்து நடப்பதால், சுற்றியுள்ள கிராமப் பூங்காவை (பழைய கிராம வாழ்க்கையைக் காட்டும் இடம்) மூடுவதற்கு முன்பே கோட்டையை மூடிவிடுவார்கள். முதலில் கோட்டைக்குள் போய்விடுங்கள்.