முழங்கையில் அடிக்கும் ஷாக்

அன்புள்ள சார்,

கதவு நிலையில் முழங்கை இடித்தால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுகிறது. இடித்தது எலும்பில், விரலில் எதற்கு விறுவிறுக்க வேண்டும்? நரம்புத் தளர்ச்சி என்று வீட்டில் டானிக் வாங்கி வைத்துவிட்டார்கள். குடிக்கலாமா?

ரா., தேனி

அன்புள்ள ரா.,

வேண்டாம். இடித்ததும் ஷாக் அடித்தால் அந்த நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

உண்மையில் இடிபடுவது நரம்பு. கையை லேசாக மடக்கி, முழங்கையின் கூர்முனைக்கும் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விரலை வைத்து உருட்டிப் பாருங்கள், கயிறு மாதிரி ஒன்று நழுவும். அதுதான் அல்நார் நரம்பு. கழுத்தடியில் தண்டுவடத்திலிருந்து கிளம்பி, மேற்கையில் தசைகளை ஒட்டிப் பத்திரமாக வருவது, இங்கே வந்ததும் மேலே வெறும் தோல், கீழே கெட்டி எலும்பு என்று மாட்டிக்கொள்கிறது. இடிக்கும்போது நசுங்கி, உள்ளே இருக்கும் இழைகள் ஒரே நேரத்தில் தாறுமாறாகச் சமிக்ஞை அனுப்பிவிடுகின்றன.

சரி, விரலில் ஏன்? இந்த நரம்பு உணர்ச்சி கொண்டுவருவது சுண்டுவிரலிலிருந்தும் மோதிரவிரலின் பாதியிலிருந்தும்தான். பஸ் சுண்டுவிரலில் புறப்பட்டது என்பதால் நடுவழியில் முழங்கையில் ஏறியவரையும் சுண்டுவிரல்காரர் என்றே மூளை கணக்கு எழுதுகிறது. கட்டைவிரல் வேறு நரம்பின் எல்லை, அதனால் அங்கே ஒன்றும் தெரியாது.

இப்படி மேலாகக் கிடப்பதில் விளையாட்டில்லாத ஆபத்தும் உண்டு. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ச்சியான இடங்கள்தான் பிடிக்கும், அதனால் முழங்கையில் இந்த நரம்பைத் தாக்கித் தடிக்க வைக்கும், விரல்கள் மரத்து மடங்கிப்போகும். அப்படி மடங்கிய விரல்களைத்தான் 1940களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பால் பிராண்ட் என்ற அறுவைசிகிச்சை டாக்டர் தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இடிக்காமலே சுண்டுவிரல் மரத்துப்போகிறதா என்று மட்டும் கவனியுங்கள். முழங்கையை மடக்கினால் நரம்பு இழுபட்டு அழுத்தம் கூடும், எனவே போனைக் காதில் வைத்து மணிக்கணக்காகப் பேசுகிறவர்களுக்கும் கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்களுக்கும் இது வரலாம். கையை நீட்டி வைத்துப் பழகினாலே பலருக்குக் குறையும். அப்புறமும் போகாமல், சட்டைப் பட்டன் போடக் கை தடுமாறினால் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.